தூக்க வேண்டாம், எழும்பத் துணை நிற்போம்

(வெள்ளிவிழா ஆண்டை முன்னிட்டு பங்கு மன்றத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வெள்ளிவிழாக் குழுவினர் இன்று மாலை நம்மைப் பேசச் சொல்லி, பொருளையும் நம்மிடமே விட்டுவிட்டார்கள். பங்கின் வரலாற்றைச் சொல்வோம் என்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். அதை நம்மைவிட நன்கு அறிந்த பெரியவர்கள் விழா மலரில் எழுதுகிறார்கள். இந்தக் கோவிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்துவிட்டு, இன்று கட்டிலிலும் நாற்காலியிலும் முடங்கியிருக்கும் தாய் தந்தையரைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். அவர்கள்மீது பிரியம் வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. பிரியம் உங்களிடம் இருக்கிறது. வீடு வீடாகப் போகும்போது கண்ணால் காண்கிறோம். அவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கக்கூசுக்கும் எவ்விதம் சேதமின்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது என்பதே இன்றையப் பேச்சு. கூட்டத்தில் கக்கூசைப் பற்றிப் பேசுகிறாரே சாமி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். முடியாத பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகிறோம். உபதேசியார் முன்னால் போய், "சாமி வர்றாங்க" என்று சொன்ன மாத்திரத்தில் வீட்டில் ஒரே பரபரப்பு. படுத்திருக்கும் ஆச்சியின் இரண்டு கைகளையும் ஆளுக்கொன்றாகப் பற்றி, ஒரே இழுப்பாக இழுத்து உட்காரவைக்கிறார்கள். ஆச்சிக்கு உயிர் போகிற வலி. சாமி முன்னால் முனகக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "தோத்திரம் சாமி" என்கிறார்கள். இது மரியாதையின் நிமித்தம் செய்யப்படுவது, நமக்குத் தெரியும். ஆனால் பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோனவர்களுக்கு அந்தப் பக்கத்துத் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவிவிடும். பிறகு மாதக்கணக்கில் அந்தத் தோளில் வலி நிற்கும். ஆகையால், நாம் வருகிறோம் என்பதற்காக யாரையும் அவசரமாக எழுப்பி உட்காரவைக்க வேண்டாம். அதே வேளையில் மல்லாந்து படுத்தபடி நன்மை வாங்கினால் புரையேறும் அபாயம் உண்டு. நாம் வருவதற்கு அரைமணி நேரம் முன்னதாகவே, பொறுமையாக, முதுகுக்கும் தலைக்கும் அண்டை கொடுத்துச் சாய்த்து வையுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். மேசை விரிப்பும் மெழுகுதிரியும் அதற்கு அடுத்தபடி.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. ஒருமுறை விழுந்துவிட்டார், இனி அசைத்தால் ஆபத்து என்று கட்டிலோடு கிடத்திவிடுகிறார்கள். சாப்பாடு கட்டிலில், குளிப்பு கட்டிலில், எல்லாம் கட்டிலில். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் முதியவர் ஒருவர் ஒரு வாரம், பத்து நாள் படுக்கையிலேயே கிடந்தால் கால் தசை இளைத்துவிடுகிறது. அதற்குமுன் பிடித்துக்கொண்டு நின்றவரால் பிறகு நிற்கவே முடிவதில்லை. சளி கட்டுகிறது, மலம் கட்டுகிறது, புட்டத்திலும் குதிகாலிலும் புண் வருகிறது. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நாமே அவரை நிரந்தர நோயாளி ஆக்கிவிடுகிறோம். அசைப்பதா வேண்டாமா என்பதல்ல இங்கே கேள்வி. எப்படி அசைப்பது என்பதுதான்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க அரசின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் என்பவர் 2007ஆம் ஆண்டில், நோயாளிகளைத் தூக்கும் நர்சுகளுக்கு ஓர் எல்லை வகுத்தார். எல்லாம் வசதியாக அமைந்திருந்தாலும் ஒருவர் கையால் தூக்கத்தக்கது 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ என்றார். பயிற்சி பெற்ற நர்சுக்கே அவ்வளவுதான். நம் வீட்டில் மெலிந்த ஒரு தாயார் 45 கிலோ இருப்பார். அரிசிக்கடைப் பையன் 25 கிலோ சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறானே என்பீர்கள். அரிசி மூட்டைக்குப் பயம் கிடையாது. பாதி வழியில் கால் மடங்கி, நம் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்காது. மனுஷ சரீரம் அப்படியல்ல. ஆகவே தனி ஒருவர் வயதான தாயையோ தந்தையையோ அந்தரத்தில் தூக்குவது வீரமும் அல்ல, புண்ணியமும் அல்ல. நடுமுதுகில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டால், அந்த வீட்டில் அன்றிலிருந்து இரண்டு நோயாளிகள்.

சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரனை ஆண்டவரிடம் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர்? நான்கு பேர். அதுவும் படுக்கையோடு. கையைப் பிடித்த மாத்திரத்தில் எழும்பி நின்றவர்களும் வேதாகமத்தில் உண்டு. பேதுருவின் மாமியார் ஒருவர். அது ஆண்டவரின் கை. நம் கைக்கு அந்த வரம் இல்லாததால் கொஞ்சம் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முறையின் சாரம் இது: தூக்காதீர்கள்; அவர்கள் தாமே எழும்பத் துணை நில்லுங்கள். ஒரு கையில் பலம் மீதி இருந்தால் அந்தக் கை வேலை செய்யட்டும். ஒரு கால் ஊன்றுமானால் அந்தக் கால் ஊன்றட்டும். நாம் கொடுப்பது மீதிக்கு மட்டும்.

இப்போது எல்லாரும் ஒரு காரியம் செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே முதுகை நேராகச் சாய்த்து, பாதங்களை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு, தலையை முன்னே கொண்டுவராமல் எழும்பிப் பாருங்கள். பார்த்தீர்களா? வாலிபர்களுக்கே முடியவில்லை, சிரிக்கிறீர்கள். இப்போது பாதங்களை முழங்காலுக்குக் கீழே பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவுக்குக் குனிந்து எழும்புங்கள். சுலபமாக வருகிறது. சரீரத்தை ஆண்டவர் அமைத்திருப்பது அவ்விதம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? முன்னே நின்றுகொண்டு, அப்பாவின் அக்குளில் கையைக் கொடுத்து நேர் மேலே தூக்குகிறோம். அவர் குனியவேண்டிய இடத்தில் நம் நெஞ்சு நிற்கிறது. அவர் பின்னுக்குச் சாய்கிறார், நாம் முன்னுக்கு இழுக்கிறோம். வண்டி மாடு இரண்டும் ஆளுக்கொரு திசையில் இழுத்த கதைதான்.

படுத்திருப்பவரை எழுப்புவதிலிருந்து தொடங்குவோம். மல்லாந்து கிடப்பவரை நேராக நிமிர்த்தவே கூடாது. முதலில் சொல்லுங்கள்: "அம்மா, இப்ப எழும்பப் போறோம், இந்தப் பக்கம் திரும்பப் போறீங்க." சொல்லாமல் தொட்டால் சரீரம் பயத்தில் விறைத்துக்கொள்ளும். பிறகு தூரத்து முழங்காலை மடக்கி, அந்தப் பக்கத்துக் கையை மார்பின்மேல் வைத்து, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து நம்மை நோக்கிப் புரட்டுங்கள். நம் பக்கம் புரட்டினால் நம் சரீரமே வேலியாக நிற்கும். ஒருக்களித்தவுடன் இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். கால் இறங்கும் பாரமே மேல்பாகத்தை எழுப்ப உதவும். தராசுத் தட்டு போல. அவர் முழங்கையை ஊன்றி உந்த, நாம் தோளுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்தால் போதும்.

உட்கார்ந்தாயிற்று. உடனே நிறுத்தாதீர்கள். பலர் விழுவது இந்த இடத்தில்தான். நெடுநேரம் படுத்திருந்தவர்களுக்கும், இரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எழும்பிய மாத்திரத்தில் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஓரிரு நிமிஷம் கட்டில் விளிம்பிலேயே இருக்கட்டும். காலை ஆட்டச் சொல்லுங்கள். ஒரு அருள் நிறைந்த மந்திரத்தை நிதானமாகச் சொல்லி முடியுங்கள், ஒன்றுக்கு மூன்றாகச் சொன்னால் இன்னும் நல்லது. முகம் வெளிறினால் மறுபடி படுக்கவையுங்கள்.

கட்டிலின் உயரம் வெகு முக்கியம். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்து ஆளை விழுங்கிவிடுகிறது, அதிலிருந்து நல்ல திடகாத்திரமானவரே உருண்டுதான் எழும்புகிறார். பாயில் படுத்தே பழகினவர்களை, "கட்டில் வேண்டாம், தரைதான் சுகம்" என்று அவர்கள் சொல்வதற்காகத் தரையிலேயே விட்டால், ஒவ்வொரு முறை எழுப்பவும் இரண்டு ஆள் வேண்டும். பதமாகச் சொல்லிக் கட்டிலுக்கு மாற்றுங்கள். கட்டில் தாழ்வாயிருந்தால் தச்சரிடம் சொல்லி, கால் உட்காரும்படி குழி வெட்டிய நான்கு மரக்கட்டைகள் செய்து வையுங்கள். செங்கலை அடுக்கி வைப்பது ஆகாது. ஒருநாள் நழுவும்.

இனி எழும்பி நாற்காலிக்கு மாறுவது. நாற்காலியைப் பலமுள்ள பக்கத்தில், கட்டிலோடு சற்றுச் சாய்வாக ஒட்டிப் போடுங்கள். சக்கர நாற்காலியானால் பிரேக்கைப் போட்டு, கால் பலகைகளை மடக்கிவிடுங்கள். அம்மா விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, கட்டிலை உந்தியபடி முன்னே குனியட்டும். துணை நிற்கிறவர் தம் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், கிட்டே நிற்க வேண்டும். பலமில்லாத காலின் முழங்கால் மடங்காதபடி நம் முழங்காலால் முட்டுக்கொடுக்கலாம். அவர் கை நம் கழுத்தைச் சுற்ற வேண்டாம். நம் முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சத்தமாக எண்ணி, மூன்றுக்கு இருவரும் சேர்ந்து எழும்புங்கள். நின்ற பிறகு இடுப்பைத் திருப்பாமல், பாதத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவைத்துத் திரும்புங்கள். நாற்காலி அவருடைய முழங்காலின் பின்புறத்தில் இடித்த பிறகு, கை நாற்காலியின் கைப்பிடியைத் தொட்ட பிறகு, மெதுவாக உட்காரட்டும்.

இடுப்பில் கட்டி விடுகிற, கைப்பிடி வைத்த பெல்ட் ஒன்று மருத்துவச் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. புடவைக் கொசுவத்தையோ வேட்டியையோ பிடிப்பதைவிட அது எவ்வளவோ நல்லது. வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், வயிற்றில் குழாய் வைத்திருப்பவர்களுக்கும் அதைக் கட்டக்கூடாது. மற்றவர்களுக்கும் அது தடுமாறினால் நிதானப்படுத்துவதற்குத்தான், தூக்குவதற்கல்ல. இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு டாக்டர் தனிக் கட்டுப்பாடுகள் சொல்லியிருப்பார், அவற்றையே கைக்கொள்ளுங்கள்.

நடக்கிறவருக்குப் பலமில்லாத பக்கத்தில், அரையடி பின்னால் நில்லுங்கள். கைத்தடி பலமுள்ள கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுள்ள கால் முதலில். சக்கர நாற்காலியை நிலைப்படிக்குக் கீழே இறக்கும்போது பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்க வேண்டும். நேராக இறக்கினால் ஆள் முன்னே குப்புற விழுவார்.

கக்கூசும் குளிக்கும் அறையும்தான் வீட்டிலேயே ஆபத்தான இடம். குந்தி உட்காரும் கக்கூஸ் முழங்கால் தேய்ந்தவர்களுக்குத் தண்டனை. நடுவில் துளையிட்டு, கீழே பாத்திரம் வைக்கும் நாற்காலியை வாங்கிவிடுங்கள். இரவில் கட்டிலருகே போடலாம், பகலில் கக்கூசின் மேலேயே நிறுத்தலாம். அதற்கு ரப்பர் குமிழ் வைத்த கால்கள் இருக்கட்டும். வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைக் குளிக்கப் போடுகிறார்கள். ஈரத் தளத்தில் அது வழுக்கும், பழசானால் கால் பிளக்கும். சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியைக் கொத்தனாரிடம் சொல்லி ஆழமாகப் பதியுங்கள். துண்டு போடும் கம்பி துண்டைத்தான் தாங்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது பெரியவர்களுக்குப் பிரியம்தான். ஆனால் எண்ணெய் தடவிய சரீரத்தைப் பிடித்து எழுப்ப முடியாது. உட்காரவைத்தே தேய்த்து, உட்காரவைத்தே நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு எழுப்புங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மின்சாரச் செலவைப் பார்க்கிற நேரம் அது அல்ல.

படுக்கையை விட்டு எழும்பவே இயலாதவர்களுக்கு, தோளிலிருந்து தொடைவரை வரும்படி ஒரு துப்பட்டியை மடித்து அடியில் விரித்து வையுங்கள். தலைமாட்டுக்கு ஏற்றவேண்டும்போது இருவர் இரு பக்கமும் நின்று, துப்பட்டியைச் சரீரத்தை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, எண்ணிக்கொண்டு நகர்த்துங்கள். வெறுமனே அக்குளைப் பிடித்து இழுத்தால் புட்டத்துத் தோல் விரிப்பில் உராய்ந்து கிழியும். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள்; அந்த இடத்தில் பாரம் விழாமல் பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் அவர் விழலாம். விழத் தொடங்கியவரை அந்தரத்தில் நிறுத்தப் பார்க்காதீர்கள். உங்கள் சரீரத்தோடு சேர்த்து, தொடைமேல் வழுக்கவிட்டு, தலை அடிபடாமல் தரையில் உட்காரவையுங்கள். விழுந்தபின் நாலு பேர் ஓடிவந்து கையைக் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். பொறுங்கள். தரையில் ஐந்து நிமிஷம் கிடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கும் அடையாளம். அசைக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அடி ஒன்றுமில்லையென்றால், ஒருக்களிக்கச் செய்து, கை ஊன்றி முழங்காலில் நிற்கவைத்து, முன்னே ஒரு கெட்டியான நாற்காலியைப் போடுங்கள். அதில் கை ஊன்றி, பலமுள்ள காலை முன்னே வைத்து அவர் எழும்பட்டும்; பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ளி உட்காரவையுங்கள். எழும்புகிறவர் அவர்தான், இங்கேயும்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்று. பங்கில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில், கட்டிலருகே நாம் காண்பது பெரும்பாலும் மருமகளை. சில வீடுகளில் மகளை. மகன்மார் வாசலில் நின்று, "அம்மாவை ராணி மாதிரி வச்சிருக்கோம், சாமி" என்கிறார்கள். ராணியை ஒரு நாளில் எட்டு முறை எழுப்பி உட்காரவைப்பது யார்? ஒரு தாய் நம்மிடம் தனியே சொன்னார்: "மாமிக்கு முடியலன்னு எல்லாருக்கும் தெரியுது, எனக்கு முடியலன்னு யாருக்கும் தெரியல." அந்தச் சகோதரி குறை சொல்லவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தாயின் மானத்தை மகன் காக்க வேண்டும் என்பது சரி. அதற்காக மகன் ஒதுங்கவேண்டிய அவசியமில்லை. துணி மாற்றும்போது ஒரு துப்பட்டியைப் போர்த்திவிட்டு, காலைக்கும் மாலைக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையாவது மகன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். நான்காம் கட்டளை மருமகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதாக நாம் எந்த ஞானோபதேசத்திலும் படித்ததில்லை.

அரசாங்கத்தின் உதவியும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒரே ஒருமுறை அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்து, உங்கள் கட்டிலில், உங்கள் தாயை வைத்துக் காட்டிக்கொடுத்தால் நம்முடைய இந்தப் பேச்சைவிடப் பத்து மடங்கு பிரயோசனம்.

வெள்ளிவிழாக் குழுவுக்கும் ஒரு வார்த்தை. கோவில் பக்கவாசலில் மூன்று படிகள் இருக்கின்றன; படிக்கு ஆறு அங்குலம் வீதம் பதினெட்டு அங்குல உயரம். சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது பொறியாளர்கள் சொல்லும் கணக்கு. பதினெட்டு அடிச் சரிவும் ஒரு கைப்பிடியும் போதும். வளைவு அலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைத் தந்தால், நான்கு வருஷமாகப் பூசை காணாத பலர் திருநாளன்று உள்ளே வந்து உட்காருவார்கள். குழுத் தலைவர் தலையசைக்கிறார். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உபதேசியாரே.

பேச்சு போதும். அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் நர்சாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பங்குச் சகோதரி ஒருவர் வந்திருக்கிறார். அந்தக் கட்டிலை நடுவில் கொண்டுவந்து போடுங்கள். நோயாளியாகப் படுக்க நாமே சம்மதிக்கிறோம். நம்முடைய எடை 78 கிலோ, எனவே முறை சரியா என்று நன்றாகத் தெரிந்துவிடும். வாலிபர்களில் மூன்று பேர் முன்னே வரட்டும். மருமகள்மார் இன்று உட்கார்ந்து பார்க்கட்டும்.